பம்பாய் பஸ்மாசுரன் செத்த கதை

முதல் அடி இடது காதில் விழுந்தது. ஈச்சம் மாரு. புத்தம் புதுசு. புது மாரு எப்படிக் குத்தும் என்று வீடு பெருக்குகிறவர்களுக்குத் தெரியும். அதில் அடி வாங்கியவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எலவனாசூர்கோட்டை சந்தைத் திடலில், மண் கோதாவின் நடுவில், நான் மல்லாந்து கிடந்தேன். தொடை முழுக்கக் குங்குமத் தண்ணீர். வாயில் மண். மூக்கின் மேல் ஒரு ஈ. என்னைச் சற்று முன்புதான் கொன்று முடித்திருந்த சாமிக்கண்ணு, கையைத் தூக்கிக்கொண்டு கயிற்றோரமாகச் சுற்றி வந்தான். சாய்ந்த வெயில் கண்ணில் விழுந்தது. நான் செத்திருந்தேன். செத்தவன் ஈ ஓட்டக் கூடாது. காதையும் தடவக் கூடாது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடியிருந்தால் அஞ்சலை எனக்குக் கிடையாது. அதனால் கிடந்தேன். இரண்டாவது அடி விழுந்தது. அடிப்பது யார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

அஞ்சலையின் அம்மா.

பொய்தானே என்கிறவருக்கு

போன வாரம் இந்தப் பகுதியில், நான் மல்யுத்தக் கம்பெனியில் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சங்கராபுரத்திலிருந்து ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். "யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைப்பீர்களாமே? அப்படியானால் எல்லாம் பொய்தானே?" என்று கேட்கிறார்.

ஐயா, பேசித்தான் வைப்போம். கல்யாணத்தில் யார் தாலி கட்டுவது என்று முன்பே பேசி வைக்கிறீர்கள். அதனால் கல்யாணம் பொய்யா? ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், என் இடது காதைக் காட்டுகிறேன். தொட்டுப் பார்த்துவிட்டுப் பொய் என்று சொல்லுங்கள்.

கதை என்றால் லேசு என்று நினைக்கிறார்கள். இரண்டு ஆட்கள் உருள்வதை யாரும் பார்க்க மாட்டார்கள். தினமும் சாராயக்கடை வாசலில் உருள்கிறார்கள், யார் நின்று பார்க்கிறார்கள்? ஒருவன் நல்லவனாக இருக்க வேண்டும், ஒருவன் கெட்டவனாக இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் டிக்கெட்.

எங்கள் கம்பெனியில் நல்லவன் கெட்டவனைத் தீர்மானித்தவர் மேனேஜர் கோதண்டம். அதற்கு முன்பு தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். தொண்டை போனதும் கூத்தை விட்டுவிட்டு மல்யுத்தத்துக்கு வந்தார். போன தொண்டையோடு மைக் இல்லாமல் சந்தைத் திடல் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். தொண்டை போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

நான் சேர்ந்த அன்று என்னையும் சாமிக்கண்ணுவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"அவனுக்குச் சுருட்ட முடி. அவன் நல்லவன். உனுக்கு மண்ட சப்ப. நீ கெட்டவன்."

அவ்வளவுதான் விசாரணை.

சாமிக்கண்ணு நல்ல பையன், மறுக்கவில்லை. ஆனால் அவனுக்கு முழங்கால் சரியில்லை. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தூக்க மாட்டான். என்னைத் தலைக்கு மேல் தூக்கி எறிவதாக நோட்டீஸில் போட்டிருக்கும். அவன் என் காதில், "ஏழுமல, தூக்கறேன்டா," என்பான். உடனே நான் எம்பிக் குதித்து, அவன் தோளில் ஏறி, அவனையும் விழாமல் பிடித்துக்கொண்டு, அப்புறம் நானே கீழே விழுவேன். ஜனங்கள் அவன் பலத்தைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அவனுக்கு மாலை போடுவார்கள். எனக்குச் செருப்பு வரும், அதுவும் ஜோடியாக வராது.

வெள்ளிமலையில் யார் வீட்டுப் பிள்ளை?

கெட்டவனுக்கு ஒரு ஊர் வேண்டும். முதலில் கோதண்டம் என்னை "கல்வராயன் மலைக் கரடி" என்று அறிமுகப்படுத்தினார். உடம்பில் கரி பூசி, கழுத்தில் எலும்பு கட்டி, கள்ளக்குறிச்சி சந்தையன்று கோதாவில் இறக்கினார். நானும் உறுமினேன்.

முன் வரிசையில் ஒரு மலைக்காரர் உட்கார்ந்திருந்தார். புளியும் ஈச்சம் மாரும் விற்க மலையிலிருந்து இறங்கி வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, படிய வாரிய தலை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊருப்பா நீ?" என்றார்.

நான் உறுமினேன்.

"அட, ஊரு பேரச் சொல்லுப்பா."

"வெள்ளிமல," என்றேன். அந்த மலையில் வேறு எந்த ஊரும் வாயில் வரவில்லை.

"வெள்ளிமலைல யாரு வூட்டுப் புள்ள?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? மறுபடி உறுமினேன். அவர் விடவில்லை. "எங்க மலையில இந்த மாதிரி எலும்பு கட்டிகினு எவனும் கெடயாதே. உங்கப்பா பேரு இன்னா? நெலம் எந்தப் பக்கம்?" சுற்றியிருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். கெட்டவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் கம்பெனியை மூட்டை கட்டிவிடலாம். கோதண்டம் அவசரமாக மணியை அடித்து ஆட்டத்தை முடித்தார். அந்த மனிதர் போகும்போதுகூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் ஊர்ப் பேரை நான் கெடுத்தேன்.

அன்றைக்குத்தான் கோதண்டம் இரண்டு சட்டம் போட்டார். நல்லவன் எப்போதும் உள்ளூர்க்காரன். கெட்டவன், கூட்டத்தில் ஒருத்தரும் போகாத ஊர்க்காரன். இதை வைத்துத்தான் எத்தனையோ பேர் எலெக்‌ஷனிலும் ஜெயிக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் எங்களை மட்டும் பொய் என்கிறார்கள்.

சாமிக்கண்ணு தியாகதுருகத்தில் தியாகதுருகத்தான், எலவனாசூரில் எலவனாசூரான். நான் எல்லா ஊரிலும் "பம்பாய் பஸ்மாசுரன்."

பம்பாயிலிருந்து யாரும் வந்து "யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்கவில்லை. ஆனால் ஒரு தொல்லை வந்தது. என்னைத் தெரிந்தவர்களும் நம்பிவிட்டார்கள். முகமூடி கிடையாது, கரி மீசை மட்டும்தான். அது ஏழுமலை என்று பார்த்தாலே தெரியும். தெரிந்தும், "பாவம், பம்பாய் போய்ட்டு வந்ததுலேர்ந்து கெட்டுப் போய்ட்டான்," என்று பேசிக்கொண்டார்கள். நான் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை.

தவிடு

அஞ்சலை என் மாமன் மகள். மாமா என்றால் என் அம்மாவின் சொந்தத் தம்பி, கலியன். எலவனாசூர்கோட்டையில் கரும்பு போட்டிருந்தார். நான் பிறந்தபோது முதலில் தூக்கியவரே அவர்தான். அஞ்சலை எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேச்சு. எனக்கும் அவளுக்கும் அதில் மறுப்பு இல்லை. அவளுக்கு என்னைவிட வாய் ஜாஸ்தி, எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருஷம் கரும்பு வெட்டு சமயத்தில், மூங்கில்துறைப்பட்டு பக்கம் ஆட்டம் போட்டோம். கரும்பு வண்டிகள் ஆலைக்கு வரிசை கட்டி நிற்கும். வரிசை நகராது. வண்டிக்காரர்களுக்குப் போக இடம் இல்லை, செய்ய வேலை இல்லை. எங்களுக்கு அதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. அவர்களில் மாமாவும் இருந்தார்.

நான் தோற்கப்போகிற நேரத்தில் கண்ணில் மண்ணை அள்ளிப் போடுவதுதான் என் பெரிய வித்தை. உண்மையில் அது மண் இல்லை, தவிடு. சலித்து, இடுப்பு மடிப்பில் முடிந்து வைத்திருப்பேன். குனிந்து மண்ணை அள்ளுவது போல அள்ளி, கையில் தவிட்டை எடுத்து வீசுவேன். மண்ணைவிடத் தவிடு நன்றாகப் புகை கிளப்பும், கண்ணையும் கெடுக்காது. சாமிக்கண்ணு கண்ணைப் பொத்திக்கொண்டு "ஐயோ பாக்க முடியலியே" என்று அலறுவான். அவனுக்கு அலறல் மட்டும் நன்றாக வரும்.

அன்றைக்கு அலறல் மிகவும் நன்றாக அமைந்துவிட்டது. வண்டிக்காரர்கள் கரும்போடு எழுந்தார்கள். நான் ஆலைக்குப் பின்பக்கமாக ஓடித் தப்பினேன். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், "பொண்ணு குடுக்க மாட்டேன்," என்று என் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் நேரில் போனேன்.

"மாமா, அது வெளாட்டு."

"கண்ணுல மண்ணப் போடறது வெளாட்டாடா?"

"மண்ணு இல்ல மாமா. தவுடு."

மாமா அப்படியே எழுந்து நின்றுவிட்டார். "தவுடா? மாட்டுக்குப் போடறதத் தூக்கி மனுஷன் கண்ணுல போட்டியா?"

"மாமா, நான் பொறந்ததுலேர்ந்து என்னப் பாத்துகினு கீறீங்க."

"அதான்டா வயிறு எரியுது. பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன், இவ்ளோ கெட்டவன்னு எனுக்கே தெரியல பாரு."

அஞ்சலை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "அவரு கண்ணுல பட்டுதா இல்லியா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"பட்டுது. ஆனா..."

"அப்ப இன்னா வெளாட்டு? எங்கப்பா சொல்றது சரிதான்," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. பிறகு கேட்டேன், இரண்டும் என்றாள்.

சித்திரைக்குள் வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்று அம்மா சொன்னாள். திருக்கோவிலூர் பக்கம் ஒருவன் இருக்கிறானாம். அவனுக்கும் சுருட்டை முடியாம்.

ரெண்டு நல்லவன் ஆகாது

கோதண்டத்திடம் போய்ச் சண்டை போட்டேன். "என்ன நல்லவனாக்குங்க. இல்லன்னா நான் கரும்பு வெட்டப் போறேன்."

"சாமிக்கண்ண இன்னா பண்றது?"

"அவனும் நல்லவனா இருக்கட்டும்."

கோதண்டம் வெற்றிலையைத் துப்பினார். "ரெண்டு நல்லவன் கட்டிப் புடிச்சா அது சம்பந்தி வூடுடா. எவன் டிக்கெட் வாங்குவான்? உம் மூஞ்சிக்கு நீ இந்த ஜென்மத்துல நல்லவன் ஆவ முடியாது." அடுத்த வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "ஆனா ஒண்ணு. செத்துட்டா ஆவலாம்."

அவர் கூத்துக்காரர் என்று சொன்னேன் அல்லவா? எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் என்று ஒன்று உண்டு. துரியோதனனை மண்ணால் பெரிதாகத் தரையில் படுக்க வைத்துச் செய்வார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிப்பார், உள்ளே வைத்த சட்டி உடைந்து சிவப்பு தெறிக்கும். இத்தனை நாள் துரியோதனனைத் திட்டிய ஜனம், அவன் விழுந்ததும் ஒப்பாரி வைக்கும். "செத்த துரியோதனன் மேல எவனுக்குடா கோவம்? எங்க ஊரு பொம்பளைங்க அவனுக்கு அழுவற மாதிரி அப்பன் ஆத்தாளுக்குக்கூட அழ மாட்டாங்க," என்றார் கோதண்டம்.

கோயில் பெயரையோ சாமி பெயரையோ எடுக்கக் கூடாது, தொடையை மட்டும் உடைத்தால் போதும் என்று முடிவு செய்தோம். என் வேட்டிக்குள் தொடையில் மெல்லிசான கலயம் ஒன்று, அதில் குங்குமத் தண்ணீர். சாமிக்கண்ணு கையில் பஞ்சு அடைத்த கதாயுதம். அவன் அடிப்பான், கலயம் உடையும், நான் விழுவேன், எழுந்திருக்கவே கூடாது. ஆட்டம் எலவனாசூர்கோட்டையில், சந்தையன்று, வெயில் தாழ்கிற நேரத்தில். மாமா குடும்பத்துக்கு ஓசி டிக்கெட்.

எல்லாம் யோசித்த கோதண்டம் ஒன்றை மறந்துவிட்டார். படுகளத்தில் ஒப்பாரிக்கு முன்னால் வேறொன்று இருக்கிறது. விழுந்து கிடக்கிற துரியோதனனை முதலில் துடைப்பத்தால் அடிப்பார்கள். அப்புறம்தான் அழுவார்கள்.

படுகளம்

சிவப்பு தெறித்ததும் திடலில் ஒரு பெருமூச்சு. நான் விழுந்தேன். நல்ல விழுகை, இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். கோதண்டம் ஒப்பாரி பாட வாயைத் திறந்தார். அதற்குள் பெண்கள் கயிற்றைத் தாண்டிவிட்டார்கள்.

மாரு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். திடலோரத்தில் ஈச்சம் மாரைக் கட்டுக் கட்டாக அடுக்கி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, படிய வாரிய தலை. அதே மனிதர். அவரே எழுந்து, கட்டை அவிழ்த்து, வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார்.

"வெள்ளிமலன்னு சொன்னவன்தான இவன்? நல்லாப் போடுங்கம்மா. மாரு சும்மாவே எடுத்துக்குங்க."

அத்தை முதலில் வந்தாள். அஞ்சலையின் அம்மா. காதில் இரண்டு போட்டாள் என்று முன்பே சொன்னேன். பின்னால் ஊரே வந்தது. சாமிக்கண்ணு மாலையும் கழுத்துமாகக் கயிற்றோரம் ஒதுங்கிக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்த நேரத்தில் என் முகத்தின் மேல் ஒரு நிழல் விழுந்தது. அஞ்சலை. கையில் மாரு. அடிப்பது போல என் பக்கத்து மண்ணில் அடித்துக்கொண்டே குனிந்தாள்.

"ஏ, செத்துட்டியா இல்லியா?"

"செத்துட்டேன்."

"அப்ப பேசாத."

பேசவில்லை. அசையவுமில்லை. ஈ மூக்கிலிருந்து உதட்டுக்கு நடந்தது. அதையும் பொறுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அடி நின்றது. அத்தை மாரைக் கீழே போட்டாள். என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தொட ஒடஞ்சு கெடக்கறியே தொர மகனே - ஒனக்குத்
தண்ணி தர யாருமில்ல தனி மகனே..."

சுற்றியிருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். சற்று முன் என்னை விளாசிய கைகள் என் தலையைத் தடவின. எனக்கே என்னை நினைத்து அழுகை வந்தது. செத்தவன் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்து அத்தை இன்னும் பெரிதாக அழுதாள். பிறகு என் முதுகுக்கடியில் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்தாள். படுகளத்து மண்ணை நெல் குதிரில் போட்டால் நெல் குறையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் எடுத்ததைப் பார்த்து எல்லாரும் எடுத்தார்கள். கோதாவில் பள்ளம் விழுந்துவிட்டது.

மாமா கடைசியாக வந்தார். துண்டை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் சாமிக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கக்கா புள்ளயக் கொன்னுட்டு மாலையாடா போட்டுகினு சுத்தற?"

சாமிக்கண்ணு ஓடினான். அந்த முழங்காலோடு அப்படி ஓட முடியும் என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறி சீட்டுக்கடியில் படுத்துக்கொண்டானாம்.

மாமா எனக்குக் கை கொடுத்து எழுப்பினார். "செத்தவன் மேல பக இல்ல. அந்தப் பம்பாய்க்காரன் செத்தான். நீ எங்கக்கா புள்ள. அஞ்சல உனுக்குத்தான். ஆனா ஒண்ணு, அவன் மட்டும் மறுபடி எழுந்தான்னா நடக்கறதே வேற."

எழுந்தும் பயனில்லை

நியாயமாக நான் அங்கேயே தொழிலை விட்டிருக்க வேண்டும். கோதண்டம் விடவில்லை. தியாகதுருகத்துக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, ஒரே ஒரு ஆட்டம் என்று காலைப் பிடித்தார். மாமாவுக்குத் தெரியாமல் போனேன்.

கோதாவில் ஏறி மீசையை முறுக்கினேன். ஒரு கூவல் இல்லை. செருப்பு இல்லை. திடல் அமைதியாக இருந்தது. எலவனாசூர் செய்தி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டிருந்தது. முன் வரிசையில் ஒரு அம்மாள், "பாவம், செத்தும் வுட மாட்டேங்கறானுங்க," என்று மூக்கைச் சிந்தினாள். நான் தவிட்டை வீசினேன். கண்ணைப் பொத்திய சாமிக்கண்ணுவைப் பார்த்து, "கொல பண்ணவனுக்கு நல்லா வேணும்," என்றது கூட்டம்.

கோதண்டம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஜனத்துக்குப் படுகளம் என்றால் முடிந்தது முடிந்ததுதான். அடுத்த திருவிழா வரை துரியோதனன் எழ மாட்டான். அதைக் கூத்தாடியே மறந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அடுத்த வாரம் சாமிக்கண்ணுவுக்கு மொட்டை போட்டார். முடி போனதும் அவன் கெட்டவனாகிவிட்டான். கல்கத்தா காலகேயன் என்று பெயர். நன்றாகவே செய்தான் என்று கேள்வி.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த வெறுப்பு அது. திடல் முழுக்க என்னைப் பார்த்துக் கூவும்போது காதுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கும் தெரியுமா? ஒரே நாளில் ஊர் முழுக்க என் மேல் இரக்கப்பட ஆரம்பித்துவிட்டது. அதைப் போலக் கேவலம் ஒரு மனிதனுக்கு வரக் கூடாது.

பந்தக்கால்

மாமாவுக்கு விஷயம் தெரிந்துதான் இருந்தது. பந்தக்கால் நட எங்கள் வீட்டுக்கு வந்தவர், என்னைத் தனியாக அழைத்தார்.

"எழுந்தியாமே?"

"எழுந்தேன் மாமா. ஒருத்தரும் நம்பல."

"நம்ப மாட்டாங்க. நானே வந்து பாத்துகினுதான் இருந்தேன்," என்றார். "சரி வா, நேரமாவுது."

தாய்மாமன்தான் பந்தக்கால் பிடிக்க வேண்டும். மாமா குழியில் கம்பை நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் உறவுக்காரர்கள். அஞ்சலை வரவில்லை, வரவும் கூடாது. அத்தை தட்டோடு நின்றாள். பெண்கள் பால் ஊற்றினார்கள், நவதானியம் போட்டார்கள். யாரோ ஒரு பெரியவர், "மாப்ள, நீயும் ஒரு புடி மண்ணு போடுப்பா," என்றார்.

நான் குனிந்தேன். கை நிறைய மண்ணை அள்ளினேன். நிமிர்ந்தேன்.

மாமா கம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

பந்தக்கால் சரிந்து என் தோளில் விழுந்தது. பெரிய அடி இல்லை. ஆனால் பழக்கம் விடுமா? எம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் முதுகு முழுதும் படும்படி மல்லாந்து விழுந்தேன். மண் புகை கிளம்பியது. பந்தலுக்கு வந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

அத்தை மட்டும் தட்டவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த மாரைப் பார்த்தாள்.

அன்றைக்கு நான் மிக வேகமாக எழுந்துவிட்டேன்.